அம்மாவின் பிரேக்

என் அப்பாவின் வண்டியில் இரண்டு பிரேக் பெடல்கள் இருந்தன. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், எல்லா வண்டிகளிலும் இருப்பது. இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்காரும் அம்மாவின் காலடியில். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் அப்படி இருக்கும். அப்பா யாருக்கும் டிரைவிங் சொல்லிக்கொடுத்தவர் இல்லை. தோட்டத்திலிருந்து தக்காளியும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குப் போய்வருவதைத் தவிர அந்தப் பிக்கப் வண்டிக்கு வேறு உத்தியோகம் கிடையாது.

அம்மா வண்டியில் ஏறினால் இறங்கும்வரை வேலை செய்துகொண்டே இருப்பாள். முன்னால் போகும் பஸ் நின்றால், ஆடு குறுக்கே வந்தால், தூரத்தில் ஒருவர் சைக்கிளைத் திருப்பலாமா என்று யோசித்தால்கூட, வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பாள். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை. "ஓட்டறது நானா, நீயா?" என்று ஆரம்பித்தால் மார்க்கெட் வரைக்கும் சண்டை ஓடும். பள்ளிக்கூட நாட்களில் இருவருக்கும் நடுவில், கியர் கம்பி முழங்காலில் இடிக்க உட்கார்ந்து போனவள் நான். அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை, அதனால் வேறு ஆள் மாற்றிவிட வழியில்லை. மிதித்து மிதித்து அந்த இடத்தில் தகரம் இற்றுப்போய் ஓட்டை விழுந்தது. அது வழியாகக் குனிந்து பார்த்தால் ரோடு ஓடுவது தெரியும்.

ஓட்டையை அடைக்க வெல்டிங் பட்டறைக்குப் போன அப்பா, அடைத்த இடத்தின்மேல் ஒரு பெடலையும் வைத்துக்கொண்டு வந்தார். "இந்தா, இனி நீயும் பிரேக் போட்டுக்க" என்றார். அம்மா உட்கார்ந்து அமுக்கிப் பார்த்தாள். டக் என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு சண்டை நின்றுபோனது. அம்மா அமுக்குவாள், வண்டி வேகம் குறையும். இரண்டு பேரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

எஞ்சினியரிங் இரண்டாம் வருடத்தில் எனக்கு பிரேக் பாடம் வந்தது. ஓட்டுகிறவர் பெடலிலிருந்து எண்ணெய் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது, அந்த அழுத்தத்தில்தான் வண்டி நிற்கிறது என்று படித்தேன். லீவில் ஊருக்குப் போனதும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அம்மாவின் பெடலிலிருந்து எந்தக் குழாயும் கிளம்பவில்லை. அது சும்மா ஆணியடித்து வைத்த பெடல். அப்பா அம்மாவை ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டினேன். அந்த ஏமாற்று வேலையால் வீட்டில் நிம்மதி இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் அம்மாவின் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. உயரமான வண்டியில் ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பா மார்க்கெட்டுக்குத் தனியாகப் போகத் தொடங்கினார். மூன்றாவது வாரம், நல்ல வெளிச்சத்தில், எதிரே ஒரு வண்டியும் இல்லாத ரோட்டில், வாய்க்கால் பாலத்தின் இடது பக்கச் சுவரில் போய் மோதினார். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டிவிடக்கூடிய ரோடு அவருக்கு. இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். எப்படி ஆச்சுப்பா என்று கேட்டதற்கு, "கவனம் தப்பிருச்சு கண்ணு" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரத்தில் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அம்மா ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்.

"நான் கூடப் போயிருக்கோணும்."

காரியமெல்லாம் முடிந்து பீளமேட்டில் என் வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்தேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் நின்றார்கள், வாக்கியம் நிற்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னாள். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடம் சொன்னாள். அவர் "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு யூனிட்டைக் குறித்துக்கொண்டு போனார். நான் காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போது சொன்னாள், திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தெரிந்த மாதிரி ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். கூடப் போயிருந்தால் சுவர் வரும்போது பிரேக்கை அமுக்கியிருப்பாள், வண்டி நின்றிருக்கும், அப்பா இருந்திருப்பார். இதுதான் அவள் கணக்கு. இந்தக் கணக்குக்குப் பதில் என் கையில் இருந்தது. அந்தப் பெடல் எதோடும் சேராத பெடல், நீ போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், செத்துப்போன மனிதர் முப்பது வருடம் உன்னை ஏமாற்றினார் என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அதனால் எதையும் சொல்லாமல், வண்டியைச் சரிசெய்யலாம் என்று முடிவெடுத்தேன். சரிசெய்த வண்டியில் அம்மா ஒரு தடவை நல்லபடியாகப் போய்வந்துவிட்டால் அந்த வாக்கியம் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. எதை வைத்துத் தோன்றியது என்று கேட்டால் பதில் இல்லை.

நான் கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறேன். பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். இதனால் எனக்கு வண்டியைப் பற்றித் தெரியும் என்று அர்த்தமில்லை. போர்டில் படம் போட்டால் எஞ்சினின் குடலைப் பிரித்துக் காட்டிவிடுவேன். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

ஆகவே வண்டி கணபதிக்குப் போனது. லேத் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் விட்டேன். எதைக் கேட்டாலும் "பண்ணிப்போடலாங்க" என்பார். மோதிய முன்பக்கத்தை டிங்கரிங் செய்ய முடியுமா என்றேன். பண்ணிப்போடலாங்க. எஞ்சின்? அதுவும் பண்ணிப்போடலாங்க. அவர் அப்படிச் சொல்லிச் சொல்லியே என் ஆசையை வளர்த்துவிட்டார். பழையபடி ஓடினால் போதும் என்று போனவள், பவர் ஸ்டீயரிங், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், எல்.இ.டி. விளக்கு, ரிவர்ஸ் கேமரா, ஏ.சி. என்று சேர்த்துக்கொண்டே போனேன். பத்தொன்பது வருடம் பாடமாக நடத்திய எல்லாவற்றையும் ஒரே வண்டியில் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒப்பிப்பேன்.

"பவர் ஸ்டீயரிங் போட்டாச்சும்மா. ஒரு விரல்ல திருப்பலாம்."

"மத்த விரலெல்லாம் என்ன பண்ணும்?"

"பின்னாடி கேமரா வெச்சிருக்கோம். ரிவர்ஸ் எடுக்கறப்ப திரையில தெரியும்."

"திரும்பிப் பாத்தா கழுத்து சுளுக்கிக்குமாக்கும்."

ஏ.சி. போடப்போகிறோம் என்றபோது கொஞ்ச நேரம் யோசித்தாள். "தக்காளிக்கா?" என்றாள்.

வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று வாங்க, எஃப்.சி.க்குக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் பாய் என்னைக் கூப்பிட்டு, கீழே குனிந்து அம்மாவின் பெடலைக் காட்டினார்.

"ஏனுங்க மேடம், இது என்னனு கேட்டா நான் என்னங்க சொல்றது? டிரைவிங் ஸ்கூல் வண்டியானு கேப்பாங்க. ஆமான்னாலும் தப்பு, இல்லீன்னாலும் தப்பு."

"சும்மா வெச்சதுதானுங்க பாய். எதோடும் கனெக்‌ஷன் இல்ல. கழட்டிருங்க."

"கழட்டிப்போடலாங்க" என்றார். ஆனால் வழக்கமான வேகம் அந்தப் பதிலில் இல்லை. நான் அதைக் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. பழைய ரேடியேட்டர், பழைய பம்பர் எல்லாம் இரும்புக்கடைக்குப் போகிற குவியலில் கிடந்தன. பெடலும் அதோடு போய்விடும் என்று விட்டுவிட்டு வந்தேன். எஃப்.சி. ஒரு குறையும் இல்லாமல் கிடைத்தது.

ஏ.சி. மட்டும் பாக்கி இருந்தபோது அம்மா பார்க்க வேண்டும் என்றாள். ஆட்டோவில் கூட்டிப்போனேன். புதுப் பெயிண்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பாய் கதவைத் திறந்துவிட்டு, ஏறுவதற்கு ஒரு ஸ்டூலும் போட்டார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். கேமராவைக் காட்டினேன். ஏ.சி.க்கு விட்டிருந்த இடத்தைக் காட்டினேன். அவள் எதையும் பார்க்காமல் குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"என் பிரேக் எங்க?"

நாற்பத்தாறு வயதான பெண், இரண்டு பட்டங்கள் வாங்கியவள், அந்த இடத்தில் சொன்ன பதில் இது: "தெரியலம்மா. யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

பாய் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார்.

நான் எதிர்பார்க்காதது, எங்கள் பக்கத்தில் பிறந்தவள் எதிர்பார்த்திருக்க வேண்டியது, அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. எங்களூர்க்காரர்கள் ஏதாவது களவு போனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்களோ இல்லையோ, ஆனைமலைக்குப் போவார்கள். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து, அங்கே இருக்கும் நீதிக்கல்லில் பூசி முறையிட்டுவிட்டு வருவார்கள். எடுத்தவர்களுக்கு எரிச்சல் கிளம்பி, தானாகப் பொருளைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று நம்பிக்கை. நியாயம் கிடைத்த பிறகு மறுபடி போய் எண்ணெய்க்காப்புச் செய்து அந்த எரிச்சலைத் தணித்துவிட்டு வர வேண்டும். நான் கல்லூரியில் இருந்த நேரத்தில் அம்மா, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி ஆனைமலைக்குப் போய் மிளகாய் அரைத்துவிட்டு வந்திருந்தாள். நான் வீட்டுக்கு வந்தபோது விரல்களைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பிரேக்கை எடுத்தவங்களுக்கு வயிறு எரியோணும்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன்" என்றாள். "நல்லா நைசா அரைச்சுப்போட்டேன்."

அன்றிரவு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மறுநாள் வயிறு எரிந்தது. கேன்டீனில் சாப்பிட்ட புளிசாதம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த நாள் கேன்டீன் பக்கமே போகவில்லை, அப்போதும் எரிந்தது. வெப்பம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு எந்தெந்த வழிகளில் போகும் என்று அன்று வகுப்பில் மூன்று வழிகள் சொல்லிக்கொடுத்தேன். ஆனைமலையிலிருந்து பீளமேட்டுக்கு அந்த மூன்றில் எந்த வழியும் இல்லை. வகுப்பு முடிந்ததும் மெடிக்கலில் ஜெலுசில் வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின்மேல் பழி போடலாம் என்பதால் அதுவே சரியான நேரம் என்று பட்டது.

"பிரேக்கை யாரும் எடுக்கலம்மா. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவள் கை நிற்கவில்லை. "எதுக்கு?"

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்பதை வெங்காயங்களை வரிசையாக வைத்து விளக்கினேன். அந்தப் பெடலிலிருந்து எங்கும் எதுவும் போகவில்லை, அப்பா உன் மனசுக்காக வைத்தது, நான் காலேஜ் படிக்கும்போதே பார்த்துவிட்டேன் என்றேன். கடைசியில் நான் சொல்ல விரும்பியதற்கு வந்தேன்.

"அதனால அன்னைக்கு நீ கூடப் போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதும்மா. நீ அமுக்கியிருந்தாலும் வண்டி நின்னிருக்காது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு, "அப்படியா" என்றாள். வரிசையாக வைத்த வெங்காயங்களை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வாக்கியம் நின்றது. அடுத்த கேஸ் சிலிண்டர் வந்தது, போட்டவர் போனார், அவரிடம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அப்பாவின் பெயரைக் கொஞ்சம் கெடுத்துத்தான் இதைச் செய்ய வேண்டியிருந்தது, அவர் இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வயிற்று எரிச்சலும் நின்றுவிட்டது. இதற்கு நான் விளக்கம் தேடவில்லை.

பத்து நாள் கழித்து பாய் கூப்பிட்டார். "ஒரு விசயங்க. நேர்ல வந்து பாருங்க" என்றார்.

ஏ.சி. பொருத்துவதற்காக டேஷ்போர்டைக் கழற்றியிருந்தார். ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம், ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்ன பல்ப். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன், எண்ணெய் குறைந்தால் எரிவது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாய் அதன் பின்னாலிருந்து கிளம்பிய ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது தரை விரிப்புக்கு அடியில் ஓடி, அம்மாவின் காலடியில் வெட்டுப்பட்டு நின்றது.

பிறகு அலமாரியைத் திறந்து அம்மாவின் பெடலை எடுத்தார். அது இரும்புக்கடைக்குப் போகவில்லை.

"கழட்டறப்பவே ஒயர் இருந்துச்சுங்க. கனெக்‌ஷன் இல்லீன்னு நீங்க சொல்லிட்டீங்க, படிச்சவங்க. சரி, எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

பெடலின் பின்னால் பிரேக் லைட்டுக்கு வைக்கும் சுவிட்ச் ஒன்று இருந்தது. டக் என்ற சத்தம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. பாய் ஒயரைச் சேர்த்து, பேட்டரி கொடுத்து, பெடலை அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. பல்ப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், உள்ளே கறுத்திருந்தது. புது பல்ப் போட்டு அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பா ஏமாற்றவில்லை. அம்மா அமுக்கினால் அவருக்கு முன்னால் விளக்கு எரியும், அவர் பிரேக் போடுவார். அம்மாவின் காலிலிருந்து ஒயர் போனது, ஒயரிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து அப்பா, அப்பாவிலிருந்து சக்கரம். நான் அடியில் படுத்துக் குழாயை மட்டும் தேடியிருக்கிறேன். அவர் செய்தது வேலை செய்கிற பிரேக். நான் அவரைப் பொய்யர் என்று வெங்காயம் வைத்து நிரூபித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, பாய் லேத் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

வெட்கத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அம்மா கூடப் போயிருந்தால் அமுக்கியிருப்பாள், விளக்கு எரிந்திருக்கும், அப்பா நிறுத்தியிருப்பார். அவள் கணக்கு சரியாகிவிடுகிறது. பல்ப் முன்பே போயிருந்தால் மட்டும்தான் தப்பு.

"இந்த பல்ப் எப்ப பாய் போயிருக்கும்? மோதறதுக்கு முன்னாடியா, மோதினப்பவா?"

"அது பல்ப்புக்குத்தானுங்க தெரியும்."

பெடலை மறுபடி மாட்டச் சொன்னேன். எஃப்.சி. முடிந்துவிட்டது, அம்மாவின் கால் பழகிய இடம் என்று காரணம் சொன்னேன். விளக்கை மட்டும் வேண்டாம் என்றேன். சிவப்புக் கண்ணாடி இருந்த ஓட்டையைக் கறுப்பு மூடி போட்டு அடைத்துவிடச் சொன்னேன். அவள் நம்பியது அப்படியே இருக்கட்டும், வாக்கியம் திரும்பி வர வேண்டாம்.

"மனசே வரமாட்டீங்குதுங்க" என்றார் பாய். அவர் பண்ணிப்போடலாங்க என்று சொல்லாத ஒரே வேலை அது. ஆனாலும் செய்து கொடுத்தார்.

முதல் பயணம் ஆனைமலைக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். திருடி அகப்பட்டுவிட்டாள், எரிச்சலைத் தணிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, எண்ணெய்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உக்கடம் தாண்டும்போது ஏ.சி.யை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள். பஸ் நின்றால் டக். ஆடு வந்தால் டக். நான் ஒவ்வொரு டக்குக்கும் வேகத்தைக் குறைத்தேன். டிஸ்க் பிரேக் அருமையாக வேலை செய்தது, அதைப் பாராட்டத்தான் ஆள் இல்லை.

கோயிலில் எண்ணெய் கொடுத்துவிட்டு அம்மா கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொன்னாள்: "என் புள்ளைதான் எடுத்திருக்குது தாயே. தெரியாம அரைச்சுப்போட்டேன். மனசுல வெச்சுக்காதே." வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பும்போது தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். தோட்டத்துக்குப் போக அந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன், இல்லை. பாலம் வந்தது. இடது பக்கச் சுவரில் மோதிய இடத்துக்குப் புது சிமெண்ட் பூசியிருந்தார்கள், மற்ற சுவரைவிட வெளுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கும்போதே அம்மாவின் கால் அழுந்தியது. டக். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

அம்மா ஸ்டீயரிங் பக்கம் பார்த்தாள். கறுப்பு மூடியைப் பார்த்தாள்.

"அந்தச் செவப்பு லைட்டைக் காணோம்?"

நான் அவள் பக்கம் திரும்பினேன். "உனக்கு லைட் தெரியுமாம்மா?"

"அந்த பல்ப்பு வாங்க உக்கடத்துக்கு உங்கப்பா போனப்ப நானுந்தானே கூடப் போனேன்."

"அப்புறம் ஏம்மா, நான் வெங்காயத்தை வெச்சுச் சொன்னப்ப ஒண்ணுமே சொல்லல?"

"எனக்காகத்தானே அத்தனை மெனக்கெட்டுச் சொன்னே. நான் அதையே சொல்லீட்டு இருக்கறது உனக்குச் சங்கடமா இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுல இருந்து சொல்றதை விட்டுப்போட்டேன்."

சொல்வதை விட்டாளே தவிர நினைப்பதை விடவில்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. மிச்சமிருந்த ஒரே ஆறுதலை அவசரமாக எடுத்து நீட்டினேன். அந்த பல்ப் போயிருந்தது, பாய் கழற்றிக் காட்டினார், அதனால் நீ கூட வந்து அமுக்கியிருந்தாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது என்றேன்.

"அது போயி நாலஞ்சு வருசமாச்சு" என்றாள். "மாத்துங்க மாத்துங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். எதுக்குடி பல்ப்பு, உன் காலைப் பாத்தாலே தெரியுதுன்னுபோட்டாரு. அதுக்கப்புறம் என் காலைப் பாத்துப் பாத்துத்தான் வண்டி ஓட்டினாரு."

அவள் வெளுப்பாக இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழக்கம். அன்னைக்கும் பாத்திருப்பாரு."

நொறுங்கிப்போன இடது பக்கத்தை நான் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். டிங்கரிங் செய்யச் சொல்லி, பெயிண்ட் அடிக்கச் சொல்லி, ஏன் இடது பக்கம் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அம்மா முதல் நாளே யோசித்துவிட்டாள். கூடப் போயிருந்தால் அமுக்கியிருப்பேன் என்று அவள் சொல்லவேயில்லை. பாலம் வரும்போது அப்பா வழக்கம்போல இடது பக்கம் கீழே பார்த்திருக்கிறார், அங்கே கால் இல்லை. அந்த ஒரு கணத்தில் வண்டி அவர் பார்த்த பக்கம் போயிருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது.

"பாய்கிட்டச் சொல்லி அந்த லைட்டைப் போட்டுரு" என்றாள். "புது பல்ப்பாப் பாத்துப் போடச் சொல்லு."

"சரிம்மா."

"சரி, எடு. வெயில் ஏறுது."

வண்டியைக் கிளப்பி மெதுவாகப் பாலத்தில் ஏற்றினேன். என்னை அறியாமல் என் கண் இடது பக்கம் கீழே போனது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் பெடலின் மேல் வைத்திருந்தாள்.

"ரோட்டைப் பாரு கண்ணு" என்றாள்.